ஹைலக்ஸ் 2 இன்ச் லிஃப்ட்: ஸ்பிரிங் ஒரு பிராண்ட், ஷாக் இன்னொரு பிராண்ட், சேருமா?

வால்பாறை ஹைலக்ஸ்:

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.8 டீசல், 4×4. சஸ்பென்ஷன் முழுக்க கம்பெனி செட்டிங். டயர் 265/65 ஆர் 17. பின்னாடி ஃபைபர் கேனபி, உள்ள டிராயர், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து எப்பவும் 200 கிலோ ஏறியே இருக்கும். முன்னாடி வின்ச், அதோட தாங்கி, சுமார் 80 கிலோ. ஓட்டம் பாதி ஆழியாறு – வால்பாறை மலைப்பாதை, 40 கொண்டை ஊசி வளைவு. மீதி எஸ்டேட் மண்ரோடு. அடுத்து 265/70 ஆர் 17 டயர் போடலாம்னு இருக்கேன். முன்னும் பின்னும் வண்டியை 2 இன்ச் (50 மி.மீ.) ஏத்தணும், அதான் லிஃப்ட்.

ரெண்டு கடையில விசாரிச்சேன். முதல் கடை: முன்னாடி இருக்கிற ஷாக் (ஷாக் அப்சார்பர்) தலையில 30 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தகடு), பின்னாடி பட்டை ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடுதல், நீள ஷேக்கிள் (பட்டை முனையை சேஸிஸோட இணைக்கிற துண்டு), பின் ஷாக் மட்டும் புதுசு. ரெண்டாவது கடை: ஒரு பிராண்டோட ஹெவி டியூட்டி ஸ்பிரிங், வேற பிராண்டோட ஷாக். ஏன்னு கேட்டா அதுதான் கையில ஸ்டாக் இருக்காம். "ரெண்டுமே 2 இன்ச்னுதான் பெட்டியில போட்டிருக்கு, அப்புறம் என்ன?"ங்கிறாங்க.

பிராண்ட் கலக்கலாமா? இருக்கிற ஷாக்கே 2 இன்ச்சுக்குத் தாங்குமா? ஹெவி டியூட்டி எனக்கு வேணுமா? எதை முதல்ல முடிவு பண்ணணும்?

---

பட்டை செட்டு:

முதல்ல எடை, அடுத்து ஸ்பிரிங், மூணாவது ஷாக்கோட நீளம், கடைசியா ஷாக்கோட பிடி (ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குற விசை). இந்த வரிசையில போனா எந்த பிராண்டா இருந்தாலும் சேர்த்துடலாம். நீங்க "2 இன்ச்"ல ஆரம்பிக்கிறீங்க. பெட்டியில போட்டிருக்கிற உயரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மட்டும்தான் உண்மை, அது எந்த எடைன்னு பெட்டியில இருக்காது.

உங்க வின்ச்சையே எடுத்துக்கங்க. 80 கிலோ முன் அச்சுக்கு நேர் மேல இல்லை, ஏறக்குறைய 0.9 மீட்டர் முன்னால தொங்குது. ஹைலக்ஸ் வீல்பேஸ் 3,085 மி.மீ. நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் ஏறுறது 80 இல்லை, 103 கிலோ. பின் அச்சுக்கு 23 கிலோ குறையும். ஒரு முன் சக்கரத்துக்கு 52 கிலோ கூடுதல்.

ஹைலக்ஸ்ல முன் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் நடுவுல உக்காந்திருக்கு. சக்கரம் 50 மி.மீ. ஏறினா ஷாக் 25 – 30 மி.மீ.தான் சுருங்கும். இந்த விகிதத்தை 0.55னு வெச்சுக்கலாம், உங்க வண்டியில ஜாக்கி வெச்சு நீங்களே அளந்துக்கங்க. ஸ்பிரிங் கடினம் மி.மீ.க்கு 10 கிலோன்னா சக்கரத்துல தெரியுறது 10 × 0.55 × 0.55, அதாவது 3 கிலோதான். 52-ஐ 3-ஆல் வகுத்தா 17 மி.மீ. உங்க வண்டி மூக்கு ஏற்கெனவே அவ்வளவு இறங்கியிருக்கும். வெறும் வண்டிக்குன்னு செஞ்ச 50 மி.மீ. ஸ்பிரிங்கை இதுல போட்டா கையில கிடைக்கிறது 33. அதே மாதிரி 100 கிலோ பம்பருக்குன்னு செஞ்ச ஸ்பிரிங்கை வின்ச் இல்லாத வண்டியில போட்டா 65-க்கு மேல ஏறி நிக்கும், டிரைவ் ஷாஃப்ட் கோணம் கெட்டுப்போகும்.

ஸ்பேசர் விஷயம். 30 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்துல 55 மி.மீ. தரும், அதுல பொய் இல்லை. ஆனா அது ஷாக்கை முழுசா கீழே தள்ளுது. சக்கரம் தொங்கும்போது முன்னைவிட 55 மி.மீ. கீழே போகும், மேல் பால் ஜாயின்ட்டும் சி.வி. ஜாயின்ட்டும் (டிரைவ் ஷாஃப்ட் மூட்டு) அவ்வளவு வளையணும். சக்கரம் மேல ஏறும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் (சக்கரம் எல்லை மீறி ஏறாம தடுக்கிறது) முழுசா அமுங்குறதுக்குள்ள ஷாக் உள்ளுக்குள்ள முடிஞ்சுடும். மேல மவுன்ட் உடையுறதும், ஷாக் கசியுறதும் அதனாலதான். 15 மி.மீ. வரைக்கும் வண்டி மூக்கைச் சமன் பண்ண ஸ்பேசர் சரி. 30 வேண்டாம்.

பின்னாடி "ஒரு பட்டை கூடுதல்" இன்னும் ஆபத்தான மலிவு. வளைவு அதிகமுள்ள ஒத்தைப் பட்டையைக் கட்டுக்குள்ள திணிச்சா உயரம் வரும், ஆனா சுமை எல்லாப் பட்டையிலயும் சமமா பரவாது. சேர்த்த பட்டை முடியுற முனையில மேல் பட்டை தினமும் ஒரே இடத்துல வளையும், விரிசலும் அந்த இடத்துலதான் வரும். பட்டைகளுக்கு நடுவுல உராய்வும் கூடும், சின்னச் சின்ன கல்லுல வண்டி குலுக்கித் தள்ளும். நீள ஷேக்கிள் 50 மி.மீ. கூட்டினா உயரம் சுமார் 25தான் கிடைக்கும், கூடவே பின் டிஃப்பரன்ஷியல் மூக்கு மேல திரும்பும். பட்டை முழு செட்டா மாத்துங்க. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல பிளாக் வெச்சு ஏத்துறேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மலையில முதல் கியர்ல இழுக்கும்போது அச்சு முறுக்கும், பிளாக் உயரம் அந்த முறுக்கை இன்னும் கூட்டும்.

அதனால முதல் வேலை: டேங்க் நிரப்பி, வழக்கமான சாமான் எல்லாம் ஏத்தி, எடை மேடைக்குப் போங்க. முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை. லாரி எடை மேடை 5 அல்லது 10 கிலோ படியில காட்டும், அது போதும். எடையைப் போடுங்க, ஸ்பிரிங் சொல்றேன்.

---

ஷாக் வாத்தியார்:

மேலே சொன்ன வரிசையை அப்படியே ஏற்கிறேன். நான் நீளத்தையும் பிடியையும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "2 இன்ச் லிஃப்ட் ஷாக்" என்று வாங்கிக் கெடுத்துக்கொள்வது அங்கேதான்.

பின் ஷாக்கை அளப்பது இப்படி. வண்டி சமதரையில் நிற்கும்போது மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சேஸிஸைக் குதிரையில் (ஜாக் ஸ்டாண்டில்) நிறுத்தி, ஷாக்கைக் கழற்றி, அச்சை ஜாக்கியால் மேலே தள்ளி, பம்ப் ஸ்டாப் ரப்பர் நன்றாக நசுங்கிய நிலையில் அதே இரண்டு மையங்களுக்கு நடுவே அளக்க வேண்டும். ரப்பர் தொட்டவுடன் நிறுத்தினால் கணக்கு தப்பும், ரப்பர் பாதிக்கு மேல் அமுங்கும். பட்டை கடினமாக இருந்து வண்டியே தூக்கினால் பின்னால் எடை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு (இவை ஹைலக்ஸ் அளவு அல்ல, உங்கள் அளவை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்): நிற்கும்போது 480, ரப்பர் நசுங்கியபோது 370, பழைய ஷாக்கின் முழு நீளம் 570. பழைய நிலையில் சக்கரம் கீழே தொங்க 90 மி.மீ. இடம் இருந்தது. வண்டியை 50 உயர்த்தினால், ஷாக் 20 டிகிரி சாய்ந்திருப்பதால் அதன் நீளம் கூடுவது 47. புதிய நிற்கும் நீளம் 527. பழைய ஷாக்கிலேயே ஓட்டினால் தொங்க மிச்சம் 43தான். வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் "டொக்" என்று கேட்கும். அது ஷாக்கின் உள்ளே பிஸ்டன் மேல்மூடியில் அடிக்கும் சத்தம். நாளடைவில் சீல் போகும், பிறகு ராட் பிடுங்கிக்கொள்ளும். "இருக்கும் ஷாக்கே தாங்குமா" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

எனவே தொங்க 75 – 80 மி.மீ. விட்டு, முழு நீளம் 605 அளவில் ஒரு ஷாக் தேடுகிறீர்கள். இங்கேதான் கண்ணி. நீளமான ஷாக்குக்கு உடலும் நீளம், சுருங்கிய நிலையிலும் நீளமாகவே இருக்கும். நம் கணக்கில் ரப்பர் நசுங்கிய நிலை 370. ஷாக் அதைவிட 15 மி.மீ.யாவது குறைவாகச் சுருங்க வேண்டும், அதாவது 355 அல்லது கீழே. 605 – 355 என்றால் ஓட்டம் 250, இது கிடைக்கக்கூடிய அளவு. ஆனால் வெறும் முழு நீளத்தைப் பார்த்து வாங்கினால் 385-இல் நின்றுவிடும் ஷாக்கும் வரலாம். அப்போது ரப்பருக்கு வேலையே இல்லை, பள்ளத்தில் விழும் அடி மொத்தமும் ஷாக்கின் கீழ்வால்வு மீதும் மவுன்ட் பின் மீதும். மிக நல்ல பிராண்டாக இருந்தாலும் உடையும். அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டு எண்கள்: முழுக்க நீட்டியபோது எவ்வளவு, முழுக்கச் சுருங்கியபோது எவ்வளவு. இந்த இரண்டும் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். சுருங்கும் நீளம் 10 – 15 மி.மீ. மட்டும் மிஞ்சுகிறது என்றால் பம்ப் ஸ்டாப்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே அவ்வளவு தடிமனுக்கு ஒரு தகடு வைத்துச் சமாளிக்கலாம்.

இனி பிடி. ஸ்பிரிங் தள்ளிய வண்டியைத் திரும்பி அடக்குவது ஷாக்கின் விரிவுப் பிடி. ஸ்பிரிங் 25 சதவீதம் கடினமாகி, மேலே எடையும் 8 சதவீதம் கூடினால், தேவைப்படும் பிடி இவற்றின் பெருக்கலின் வர்க்கமூலம்: 1.25 × 1.08-க்கு வர்க்கமூலம் சுமார் 1.16. 16 சதவீதம் கூடுதல் பிடி வேண்டும். நேர் விகிதம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் 25 சதவீதம் கூடியதற்கு ஷாக்கை இரட்டிப்பாக இறுக்க வேண்டியதில்லை.

பொருந்தாமை இரண்டு பக்கமும் வரும். கடின ஸ்பிரிங்குக்கு மென் ஷாக் போட்டால் வேகத்தடை தாண்டியும் மூக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும். கொண்டை ஊசியில் பிரேக் விட்டுத் திருப்பும்போது உடல் தாமதமாகச் சாயும். இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மென் ஸ்பிரிங்குக்குக் கடின ஷாக் போட்டதுதான் ஏமாற்றும், தார்ரோட்டில் "நல்லா இறுக்கமா இருக்கு" என்று தோன்றும். எஸ்டேட் மண்ரோட்டு வரிப்பள்ளத்தில் சக்கரம் கீழே திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து, கடைசியில் ரப்பரில் இடித்துக்கொண்டே ஓடும். ஓட்டுபவர் ஸ்பிரிங் போதவில்லை என்று நினைத்து இன்னும் கடினமான ஸ்பிரிங் வாங்குவார்.

சோதனை எளிது. வேகத்தடையை 20 – 25 கி.மீ. வேகத்தில் தாண்டுங்கள். உடல் ஒரு முறை ஏறி, இறங்கி, அடங்க வேண்டும். மண்ரோட்டில் அரைமணி ஓட்டி நிறுத்தி நான்கு ஷாக்கையும் புறங்கையால் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை.

வகை பற்றி ஒரு சொல். மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்கில் உள்ளிருக்கும் வாயு அழுத்தம் ராடை எப்போதும் வெளியே தள்ளும். 14 மி.மீ. ராடும் 20 பார் அழுத்தமும் என்றால் ஒரு ஷாக்குக்குச் சுமார் 31 கிலோ தள்ளல். பின் பட்டை மி.மீ.க்கு 4 கிலோ என்றால் அதிலேயே 8 மி.மீ. உயரும். முன்பக்கம் இந்த அளவு தெரியாது. ட்வின் ட்யூபில் (குழாய்க்குள் குழாய் உள்ள வகை) அழுத்தம் குறைவு. மோனோட்யூப் சூட்டை வேகமாக வெளியேற்றும், ஆனால் உடலில் கல் அடித்து நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். ட்வின் ட்யூபுக்கு வெளிச்சுவர் தனி. உங்கள் வேகத்துக்கு, உங்கள் கல்லுக்கு, தடித்த ட்வின் ட்யூபே போதும் என்பது என் கருத்து.

பிராண்ட் கலப்பு: பின்னால் தாராளமாகக் கலக்கலாம். பட்டை தனி, ஷாக் தனி. நீளமும் பிடியும் ஒத்துவந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் வண்டிக்குத் தெரியாது. முன்னால் கலக்காதீர்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டு ஷாக்கின் உடலிலேயே இருக்கிறது. ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ், பில்ஸ்டீன் என்று ஒவ்வொருவரும் தட்டைத் தங்கள் ஸ்பிரிங்குக்கு ஏற்ற உயரத்தில் வைக்கிறார்கள். தட்டு 10 மி.மீ. மாறினால் சக்கரத்தில் 18 மி.மீ. மாறும். இரண்டு பெட்டியிலும் "2 இன்ச்" என்று இருந்து, சேர்த்துப் போட்டால் 3 இன்ச் வரலாம், 1 இன்ச்சும் வரலாம்.

---

வன்னி கெப்:

இங்கே இலங்கையில் ஓடுகிற கெப்களில் (பிக்கப்) நிறைய பழைய விகோ, அதாவது முந்தைய தலைமுறை ஹைலக்ஸ். அதை வைத்திருக்கிறவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேணும். பழைய ஹைலக்ஸ்களில் பல மொடல்களுக்குப் பின் அச்சில் இருந்து ஒரு கம்பி மேலே போய் பிறேக் வால்வு ஒன்றோடு இணைந்திருக்கும். பின்பக்கம் பாரத்தில் இறங்கினால் அந்தக் கம்பி அசைந்து பின் பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், வெறுமையாக உயர்ந்து நின்றால் குறைக்கும். நீங்கள் வாகனத்தை 50 மி.மீ. தூக்கிவிட்டால் வால்வு எப்போதும் "வெறும் வாகனம்" என்றே எண்ணும். பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது பின் பிறேக் பாதி வேலைதான் செய்யும், முன் டிஸ்க் காய்ந்து நிறம் மாறும். வால்வின் தாங்கியை உயர்த்தின அளவுக்கே கீழே இறக்கவேணும், அல்லது கம்பியை அதற்கேற்ற மாதிரி மாற்றவேணும். உங்கடை புது ஹைலக்ஸில் இந்த வேலையை மின்னணு பார்த்துக்கொள்ளும், அதனால் உங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை.

ஆனால் பிறேக் ஹோஸ் எல்லாருக்கும் பொது. பின் ஷொக்கைக் கழற்றி அச்சைத் தொங்கவிட்டுப் பாருங்கோ: பிறேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், டிஃப் மூச்சுக்குழாய், கைப்பிறேக் கேபிள். இந்த நாலில் எது முதலில் இறுகுதோ, அதற்கு முதலே ஷொக் முழுசா நீண்டு நின்றுவிடவேணும். பட்டை வைத்த வாகனத்தில் கீழே இறங்குவதை நிறுத்த வேறு ஒன்றும் இல்லை. 605 நீள ஷொக் என்றால் 605-இல் ஹோஸ் தளர்வாக இருக்குதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கோ.

இன்னொன்று, முன் ஸ்பிரிங்கில் இடம் வலம் உண்டு. பல செட்களில் ஒரு ஸ்பிரிங் 5 முதல் 10 மி.மீ. உயரமாக இருக்கும், சாரதி இருக்கிற பக்கம் பாரம் கூட என்பதால். எங்களுக்கும் உங்களுக்கும் சாரதி வலம். வளைகுடாவில் இடம். டுபாய் வழியாக வருகிற செட் என்றால் லேபிளில் இடம், வலம் என்று எழுதியிருப்பதை நம்பாமல், இரண்டையும் நிலத்தில் நிறுத்தி உயரத்தை அளந்து, உயரமானதை வலப்பக்கம் போடுங்கோ. மாறிப் போட்டால் வாகனம் சாரதி பக்கம் சாய்ந்து நிற்கும்.

---

வால்பாறை ஹைலக்ஸ்:

எடை போட்டாச்சு. டேங்க் ஃபுல், நான் மட்டும், வழக்கமான சாமான் எல்லாம்: முன் 1,330, மொத்தம் 2,450. அப்ப பின் 1,120. சில சமயம் நாலு பேர், மேல 150 கிலோ மூட்டை.

கடையில பின் பட்டை மூணு வகை சொல்றாங்க: சுமையில்லாம ஓட்ட ஒண்ணு, நிரந்தரம் 300 கிலோவுக்கு ஒண்ணு, நிரந்தரம் 500 கிலோவுக்கு ஒண்ணு. "மூட்டை ஏத்துவீங்கல்ல, 500 போடுங்க, பிற்காலத்துக்கு ஆகும்"ங்கிறார்.

---

பட்டை செட்டு:

500 வேண்டாம். "நிரந்தரம்"ங்கிற சொல்லுக்கு அர்த்தமே, அந்தச் சுமை எப்பவும் மேல இருக்கணும்னுதான். உங்களுக்கு நிரந்தரம் 200. அதுல வின்ச் பின்னாடி இருந்து தூக்குற 23-ஐக் கழிச்சா இன்னும் குறைவு. 500 பட்டை உங்க வண்டியில வளைவே திறக்காம குன்று மாதிரி நிக்கும், மழையில கொண்டை ஊசி திரும்பும்போது பின் சக்கரம் கல்லுக்குக் கல் தாவும். வரிப்பள்ளத்துல பிடிமானம் போறது இப்படித்தான். 300 வகை வாங்குங்க. வார இறுதி மூட்டைக்கு ரெண்டாம் கட்டுப் பட்டை (அடியில தட்டையா, சுமை வந்தா மட்டும் தொடுறது) இருக்கிற செட்டா பாருங்க. அப்படி இருந்தா காலியா ஓடும்போது மேல் பட்டைகள் மட்டும்தான் வேலை செய்யும்.

இன்னொண்ணு, எந்தப் பட்டை போட்டாலும் ஆர்.சி.யில இருக்கிற மொத்த எடை வரம்பு ஏறாது. அச்சு, பேரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழசுதான். நாலு பேரும் 150 கிலோ மூட்டையும் சேர்த்து அந்த வரம்புக்குள்ள வருதான்னு கூட்டிப் பாருங்க.

முன்னாடி, 50 – 100 கிலோ கூடுதல் எடைக்குன்னு குறிச்ச ஸ்பிரிங், அதே பிராண்டோட ஷாக், ரெண்டையும் சேர்ந்த செட்டா. கடையில ஸ்பிரிங் கம்பியோட விட்டத்தை அளந்து பாருங்க. மத்த அளவெல்லாம் ஒண்ணா இருந்தா கடினம் கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 16 மி.மீ. கம்பிக்கும் 17-க்கும் கண்ணுல வித்தியாசமே தெரியாது, கடினம் 27 சதவீதம் கூட. "ஹெவி டியூட்டி"ன்னு ஸ்டிக்கர் மட்டும் இருந்து கம்பி அதே தடிமன்னா, சுத்துக்களை எண்ணுங்க. சுத்து குறைஞ்சா கடினம் கூடும். ரெண்டும் மாறலைன்னா அது உயரமான ஸ்பிரிங் மட்டும்தான்.

முழு 50-க்கு அலையாதீங்க. இறங்கியிருக்கிற 17-ஐ மீட்டு, அதுக்கு மேல 35 – 40 போதும். டயர் மாத்தினா தனியா 13 மி.மீ. கிடைக்கும் (விட்டம் 776-லேர்ந்து 803). அச்சுக்கு அடியில தரை இடைவெளி கூடுறது டயரால மட்டும்தான், எந்த ஸ்பிரிங்காலயும் இல்லை.

---

கோணமானி:

மாட்டும்போது கெடுவது பற்றி. வேலைக்கு முன் நான்கு சக்கரத்திலும் ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கலந்துவிடும். மாட்டி 500 கி.மீ. ஓடிய பின் திரும்ப அளக்க வேண்டும், புது ஸ்பிரிங் 5 – 10 மி.மீ. உட்காருவது வழக்கம்.

புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது முழுக்க முறுக்காதீர்கள். பட்டைக் கண், ஷேக்கிள், கீழ் ஆர்ம், ஷாக்கின் கீழ்க்கண் எல்லாம் கைப்பிடி அளவுக்கு மட்டும். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை உட்கார்ந்த பிறகே டார்க் ரென்ச். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும், வண்டி நிற்கும் நேரமெல்லாம் முறுகியபடியே இருந்து சில மாதங்களில் கிழியும். உயரமும் 10 மி.மீ. பொய்யாகக் காட்டும். பல பட்டறைகள் அவசரத்தில் தவிர்ப்பது இதைத்தான், எனவே கூடவே நின்று பாருங்கள். யூ போல்ட் (பட்டையை அச்சோடு கட்டுவது) பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை இழுபட்ட கம்பி அது, திரும்பப் பிடி தராது. புதிதை எதிர்மூலை வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, 500 கி.மீ.யில் மீண்டும். சென்டர் போல்ட் தலை அச்சின் குழிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்காமல் யூ போல்ட்டைத் தொடாதீர்கள், உட்காராவிட்டால் அச்சு குறுக்காக நின்று வண்டி நண்டு நடை போடும்.

முன் ஷாக் கோர்க்கும்போது ஸ்பிரிங் அழுத்தி நல்லதாக இருக்கட்டும். அந்த ஸ்பிரிங் அமுங்கியிருக்கும்போது பல நூறு கிலோ விசை அதில் இருக்கிறது, கொக்கி வகை மலிவு அழுத்தியில் இந்த வேலை வேண்டாம்.

அலைன்மென்ட்: உயர்த்தினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) நேர்ப்பக்கம், அதாவது சக்கரத்தின் மேல்முனை வெளியே போகும், கேஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) சுமார் ஒரு டிகிரி குறையும். கேஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் நெடுஞ்சாலையில் மிதக்கும், திருப்பத்துக்குப் பின் தானாக நேராகாது. ஹைலக்ஸில் கீழ் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் ஆர்ம் நகரும்) இருக்கிறது. 40 மி.மீ. வரை அதிலேயே சரிக்கட்டலாம். அலைன்மென்ட் பார்ப்பவரிடம் டோ (சக்கரம் உள்ளோ வெளியோ நோக்கும் கோணம்) மட்டும் போதாது, கேஸ்டரை முடிந்த அளவு கூட்டி, இடமும் வலமும் அரை டிகிரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். 50-ஐத் தாண்டினால் கேம் முடிந்துவிடும், மேல் ஆர்மை மாற்றித்தான் ஆக வேண்டும். தொங்கும் நிலையில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். உயரம் மாறியபின் வி.எஸ்.சி. (வண்டி வழுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) சென்சார் பூஜ்ஜியத்தை ஸ்கேனரில் மீண்டும் அமைக்க வேண்டும், அமைக்காவிட்டால் விளக்கு எரியலாம், அல்லது வளைவில் தேவையில்லாமல் பிரேக் பிடிக்கலாம். ஹெட்லைட்டை இறக்கி வைப்பது எதிரே வருபவருக்காக.

கிளம்பும்போது, 20 – 30 கி.மீ. வேகத்துக்குள், அடியில் "டுர்ர்" என்று ஓர் அதிர்வு வந்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் தொங்கும் பேரிங். பின் அச்சு கீழே போனதால் நடு மூட்டின் கோணம் கூடிவிட்டது. பேரிங் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவே 5 – 10 மி.மீ. வாஷர் வைத்து இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். முன் டிஃப் இறக்கும் கிட் 40 மி.மீ.க்கு அவசியமில்லை. சி.வி. பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வின்ச்சைப் புல் பாரில் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புச் சட்டம்) ஏற்றியிருந்தால் அது தனிச் சிக்கல், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அவற்றுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. லிஃப்ட் பற்றி ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸிலும் வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

---

வால்பாறை ஹைலக்ஸ்:

அப்ப முடிவு: முன்னாடி ஒரே பிராண்ட் செட், பின்னாடி 300 பட்டை, ஷாக் அளந்து வாங்குறது. கடைசியா ஒண்ணு. பணம் ரெண்டு தவணையா வரும். முதல்ல பின்னாடி மட்டும் செய்யலாமா, இல்ல ஸ்பிரிங் நாலும் மாத்திட்டு ஷாக்கை அடுத்த மாசம் போடலாமா?

---

ஷாக் வாத்தியார்:

ஸ்பிரிங் இப்போது, ஷாக் பிறகு என்பது வேண்டாம். முன்னால் அது இரட்டைக் கூலி, அதே ஷாக்கை மறுபடி கழற்றி, மறுபடி அழுத்தி, மறுபடி அலைன்மென்ட். பின்னால் அந்த ஒரு மாதத்திலேயே பழைய ஷாக் உள்ளே அடித்துக்கொண்டிருக்கும். அச்சு அச்சாகச் செய்யுங்கள். முதலில் முன்பக்கம் முழுவதும். உங்கள் மூக்கு ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, பின்னால் மட்டும் ஏற்றினால் இன்னும் குப்புறக் கவிழும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரத்தில் எடை இன்னும் குறையும். முன்பக்கம் முடிந்ததும் ஹப் – ஃபெண்டர் அளவை இங்கே போடுங்கள். பின்பக்கம் அதைவிட 15 – 25 மி.மீ. கூடுதலாக நிற்கும்படி பட்டையை முடிவு செய்யலாம். பின் ஷாக்கின் இரண்டு நீளமும் அதன் பிறகுதான் உறுதியாகும், அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.